எங்கேயோ காற்று இழுக்குது

திருவொற்றியூரில் பழைய புல்லட் மெக்கானிக் கடையைத் தேடி அலைய வேண்டாம். டீக்கடையில் விசாரித்தால், எந்த வருஷத்து வண்டி என்று நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது புல்லட் ஆலை வந்த ஊர் இது. உற்பத்தியில் பெரும்பகுதி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. ஆனால் இரும்பு எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

நான் போன கடை, இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நிறைந்துவிடும். நடத்துகிறவரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட ஒரு பையன், ஐடிஐ முடித்தவன்.

அன்று வந்தது எண்பதுகளின் ஸ்டாண்டர்டு 350. கொண்டுவந்த சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “நின்ன இடத்துல தானா ஏறுது, தானா இறங்குது பாய். நாப்பதுல சீராப் போனா, பின்னாலேர்ந்து யாரோ பிடிச்சுப் பிடிச்சு விடுற மாதிரி இருக்கு” என்றார். ஏற்கெனவே இரண்டு கடை பார்த்தாயிற்று. முதல் கடையில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். இரண்டாவதில் புதுசே மாட்டினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, மறுபடி அதே கதை.

பாய் வண்டியைத் தொடவில்லை. கேள்விகள்தான். நின்ன இடத்துலயா, ஓடுறப்பவா? எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முழுசா முறுக்கினா சரியாயிடுதா, இன்னும் மோசமாகுதா? சோக் போட்டா என்ன ஆகுது? கடைசிக் கேள்விக்குச் சார் யோசித்துத்தான் பதில் சொன்னார். காலையில் சோக்கோடு கிளம்பினால் தெருமுனை வரை ஒழுங்காகப் போகுமாம். சோக்கை எடுத்ததும் ஆட்டம் தொடங்கிவிடுமாம்.

பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடும். அப்போது நோய் அடங்குகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகமாகப் போகிறது. அப்படி இளைத்த கலவை ஒரு தடவை சரியாக எரியும், அடுத்த தடவை எரிந்தும் எரியாமலும் போகும். வேகம் விழும். விழுந்ததும் உறிஞ்சும் இழுவை மாறி, கலவை மறுபடி எரிகிற அளவுக்கு வரும். எரிந்ததும் வேகம் ஏறும், ஏறியதும் திரும்ப இளைக்கும். புல்லட்டின் பிளைவீல் கனமானது என்பதால் இந்த ஏற்ற இறக்கம் நிதானமாக நடக்கும். காது கொடுத்தால் எண்ணிவிடலாம்.

காற்று எந்த வழியாக வருகிறது என்பதற்கும் சாரின் பதிலில் துப்பு இருந்தது. முழுசாக முறுக்கினால் உதறல் போய்விடுகிறது என்றார். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சின் பக்கம் இழுவை அதிகம், கார்புரேட்டர் வழியாக வரும் காற்று சொற்பம். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கீறல் வழியாக நுழையும் காற்றே பெரும் பங்கு. முழுசாகத் திறந்தால் அதே கசிவு கணக்கிலேயே வராது. பெட்ரோல் வரத்துக் குறைவு இதற்கு நேர் எதிர். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலோ, பெட்ரோல் டேப்பின் வடிகட்டியில் துரு சேர்ந்திருந்தாலோ, வண்டி முதலில் நன்றாக ஓடி, வேகம் பிடித்துச் சில கிலோமீட்டர் போன பிறகுதான் திணறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு டேங்கைக் கழற்றிக் கழுவுகிற கடைகள் உண்டு.

பாய் அடுத்து எடுத்தது ஸ்பேனர் அல்ல, ஒரு துண்டு வெள்ளை டேப். கைப்பிடி ரப்பரில் ஒரு கோடாக ஒட்டினார். பக்கத்து உலோகத்தில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று சாக்பீஸில் குறித்தார். மூடிய நிலையிலிருந்து அரைக்கால் திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பெட்ரோலைப் பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். ஆட்டம் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டாம் என்பது தெரியும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். மூடியதிலிருந்து கால் வரை உதறல். காலைத் தாண்டியதும் உதறல் இல்லை. பதிலாக எஞ்சின் மந்தமாகி, சைலன்சரில் கரும்புகை.

திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றினான் பையன். கரி அப்பியிருந்தது. “அப்ப பெட்ரோல் ஜாஸ்தியா போகுதுன்னுதானே அர்த்தம்?” என்றார் சார். நியாயமான கேள்வி. பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுத்திருக்க வேண்டும். சரியாக இருந்தால் காபிக் கொட்டை நிறம். இங்கே ஆட்டம் ஒன்று சொல்கிறது, பிளக் வேறொன்று சொல்கிறது.

பாய் கார்புரேட்டர் மூடியைத் திருகி ஸ்லைடை மட்டும் மேலே இழுத்தார். நீடிலின் தலைப்பகுதியில் கிளிப் மாட்ட வரிசையாக வெட்டுகள் இருக்கும். கிளிப் கடைசி வெட்டில் இருந்தது. யாரோ நீடிலை முடிந்தவரை தூக்கி, நடு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டவிட்டு, உதறலை மறைத்திருக்கிறார்கள். கசிவு அப்படியே இருக்க, மேலே ஒரு பூச்சு. மைலேஜ் ஏன் விழுந்தது என்று சார் கேட்காமலே புரிந்துகொண்டார்.

எனக்கு அந்த இரண்டாவது கடைக்காரர்மேல் பெரிய கோபம் வரவில்லை. புதுக் கார்புரேட்டர் விற்றால் காசு தெரியும். அரை நாள் உட்கார்ந்து யோசித்ததற்கு எந்த வாடிக்கையாளர் கொடுக்கிறார்?

பாய் சந்தேகம் தீர இன்னொன்றையும் பார்த்தார். பாயின்ட் இக்னிஷன் வண்டியில் டைமிங்கை முன்னே தள்ளும் இரண்டு எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் நின்ற இடத்தில் எஞ்சின் இப்படித்தான் ஏறி இறங்கும். பாயின்ட் மூடியைத் திறந்து, கேமை விரலால் முறுக்கி விட்டார். ‘டக்’ என்று தன் இடத்துக்கே வந்தது. அது குற்றவாளி இல்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றித் துரு நீக்கும் ஸ்பிரேயை மெல்லிய குழாய் வழியாக அடித்தார். மேல்பக்கம் மாற்றமில்லை. கீழே அடித்த உடனே ஆட்டம் நின்று சத்தம் ஒரு நொடி சீரானது; கசிவு அங்கேதான். “பெட்ரோலைத் தெளிச்சுப் பாக்குறவன்லாம் இருக்கான் சார். சைலன்சர் சூட்டுக்கு அது போதும், வண்டியோட நீங்களும் போயிடுவீங்க” என்றார்.

கழற்றியதும் விளங்கியது. கார்புரேட்டரின் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு காதுகளும் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தன. நடுவில் வெளிச்சக் கீற்று. நட்டைக் கண்மண் தெரியாமல் முடுக்கியதில் உலோகம் வளைந்திருக்கிறது. புதுக் கார்புரேட்டருக்கும் இதே கதிதான். சூடு தடுக்க இடையில் வைக்கும் பேக்கிங்கிலும் ஓர் ஓரம் விரிசல்.

கண்ணாடிமேல் எமரி பேப்பர், அதன்மேல் இரண்டு சொட்டு ஆயில். பையன் கார்புரேட்டரின் முகத்தை எட்டுப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினான். முதலில் காதுகள் மட்டும் பளபளத்தன. பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகர்ந்தது. “போதும்டா, நிறுத்து. ஓ ரிங் பள்ளம் ஆழம் போச்சுன்னா வேலைக்கே ஆகாது” என்றார் பாய். மறுபடி கண்ணாடி, மறுபடி வெளிச்சம். கீற்று இல்லை.

இந்தக் கோளாறு இப்போது அதிகமாகத் தெரிவதற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். 2025இல் நாட்டில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். 20 சதவீதக் கலப்புக்குக் கணக்குப் போட்டால் 13.5க்கு அருகே வரும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய ஜெட் பழைய அளவையே விடும், கலவை இளைக்கும். முன்பு கவனிக்காமல் ஓட்டிய சின்னக் கசிவு இன்று உதறலாகி நிற்கிறது. அதனால் பாய் நீடில் கிளிப்பை நடு வெட்டுக்குக் கொண்டுவந்தாலும், ஏர் ஸ்க்ரூவை வழக்கமான ஒன்றரைச் சுற்றில் விடாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே திருகினார். எவ்வளவு என்று கேட்டேன். “அது காதுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, சத்தம் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிகள் வந்ததோடு புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய போய்விட்டது. பையன் அதன் இடத்துக்கு வந்த இன்ஜெக்‌ஷன் வேலையும் கற்றுக்கொள்கிறான். அவன் செய்வது சரி.

பில் வந்தது: ஓ ரிங், பேக்கிங், லேபர். சார் லேபரில் விரலை வைத்து, “ரெண்டு ரப்பர் மாத்தினதுக்கா?” என்றார். பாய் பதில் பேசவில்லை, ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். குறைத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிறகு குட்டை ஸ்பேனர் ஒன்றை எடுத்துச் சாரிடம் காட்டினார். “இதுக்கு மேல நீளமானதை இந்த ரெண்டு நட்டுல யாரையும் போட விடாதீங்க சார். மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். ஒரு டேங்க் ஓட்டிட்டுப் பிளக்கைக் கொண்டாந்து காட்டுங்க.”