'ஆஃபன்' என்றால் எத்தனை நாள்?

'ஆஃபன்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'டி' எழுத்தை உச்சரிக்க வேண்டுமா, விழுங்க வேண்டுமா என்று கல்லூரி விடுதியில் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். இரண்டு உச்சரிப்பையும் அகராதிகள் ஏற்கின்றன. பஞ்சாயத்து அதோடு முடிந்தது. உண்மையான சிக்கல் அதன் பொருளில் இருக்கிறது. ஆஃபன் என்றால் அடிக்கடி. சரி, அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

வருஷத்துக்கு 2 முறை வெளிநாடு போகிறவரை 'அடிக்கடி ஃபாரின் போறவர்' என்கிறோம். தினமும் 2 முறை, அதாவது வருஷத்துக்கு 730 முறை பல் தேய்க்கிறவரை அப்படிச் சொல்வதில்லை. ஆக, இந்தச் சொல்லுக்குள் எண்ணிக்கை கிடையாது. 'இவ்வளவுதான் வழக்கம்' என்று மனதுக்குள் ஒரு கோடு வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் அடிக்கடி. அந்தக் கோடு ஆளுக்கு ஆள் மாறும்.

எவ்வளவு மாறும் என்பது அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போன அன்று தெரிந்தது.

"தலைவலி அடிக்கடி வருமாம்மா?"

"இல்லைங்க டாக்டர், எப்பவாச்சும்தான்."

எழுதப்போனவர் பேனாவை நிறுத்தினார். "போன வாரம் எத்தனை நாள் வந்துச்சு?"

அம்மா விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சு நாளு... ஞாயித்துக்கிழமையும் சேத்தா ஆறு."

அவள் எதையும் மறைக்கவில்லை. வலியோடு எழுந்து, வலியோடு சமைத்து, வலியோடு வேலைக்குப் போய்வந்தவள். வாரத்தில் ஆறு நாள் வலிப்பது அவளுக்கு வழக்கத்துக்குள்தான் இருந்தது. ஒருநாள் படுத்துவிட்டால்தான் அது கணக்கு.

மனச்சோர்வை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் 'பிஎச்க்யூ-9' என்ற கேள்வித்தாளைப் பிறகு பார்த்தேன். மொத்தம் 9 கேள்விகள். கடந்த 2 வாரங்களில் இந்தத் தொந்தரவு எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று கேட்கிறது. அதன் ஆங்கில வடிவத்தில் கேள்விக்குள் 'ஆஃபன்' இருக்கிறது, பதில்களில் இல்லை. இல்லவே இல்லை, பல நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும் என்று நான்கு பதில்கள்தான். நம்முடைய கோட்டை நம்பாமல் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்கிறது.

வீட்டில் பெரியவர்களிடம், விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நண்பனிடம் "எப்படி இருக்க?" என்று கேட்டால் "எப்பவாச்சும் ஒரு மாதிரி இருக்கும்" என்றுதான் பதில் வரும். அங்கேயே விட்டுவிடாதீர்கள். "இந்த வாரம் எத்தனை நாள்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். எண்ணி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.