எங்கள் வீட்டு மாப்பேணி

வீட்டுக்கு வீடு ஒரு செல்வம் உண்டு. சில வீடுகளில் அது இரும்புப் பெட்டியில் இருக்கும். சில வீடுகளில் புத்தக அலுமாரியில் இருக்கும். எமது வீட்டிலோ, அடுக்களைத் தட்டின்மேல், மூடி நசுங்கிய பழைய பிஸ்கற் பேணி ஒன்றினுள் இருந்தது. அதனுள்ளே பொன்னுமில்லை, பொருளுமில்லை, மா இருந்தது. நாற்பது வயதைக் கடந்த பின்னரே அந்த மாவின் அருமையை நாம் உணர்ந்தோம் என்பதைச் சற்று நாணத்துடனேயே இங்கு எழுதுகின்றோம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எமது வீடு எழுவான்கரையில்; எமக்கு நெல் தரும் வயலோ படுவான்கரையில். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், ‘பாதை’ என்று இவ்வூரார் சொல்லும் மிதவையில் ஏறியே நெல்மூடைகள் வாவியைக் கடந்து வரும். அந்த நெல்லின் அரிசியை இடித்து, வறுத்து, வேறு சில மாக்களும் கூட்டி அன்னையார் பேணியை நிரப்பி வைப்பார். பிட்டா, ரொட்டியா, கொழுக்கட்டையா, திடீரென வந்த விருந்தாளிக்கு ஒரு தோசையா, எதற்கும் அந்தப் பேணியே கைகொடுக்கும்.

ஆனால் பிள்ளைகளாகிய எமக்கு அதில் நாட்டம் இருந்ததா? இல்லை. விடியற்காலையில் போறணையிலிருந்து வரும் சூடான பாணையே எமது மனம் நாடிற்று. ‘பாண்’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. கோதுமையோ இலங்கை மண்ணில் பயிராவதில்லை. அது கப்பலேறி வரவேண்டும். 1970களின் நடுப்பகுதியில் பாணுக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்ற கதையை அன்னையார் பலமுறை சொன்னதுண்டு. கேட்டோம், சிரித்தோம், மறந்தோம்.

பின்னர் நாம் பட்டம் பெற்றோம், கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கலானோம், இல்லறமும் கண்டோம். எமது அடுக்களையில் கேக் செய்வதற்கென்றே கலந்து பொதி செய்யப்பட்ட மா இடம்பிடித்தது. இத்தகைய மாவின் வரலாறும் சுவையானதே. 1930 ஆம் ஆண்டில் அமெரிக்கப் புகைவண்டி ஒன்றில் பயணம் செய்த மா விற்பனையாளர் ஒருவர், நேரந்தாழ்த்தி உணவு கேட்டும் நொடிப்பொழுதில் சூடான பலகாரம் வரக்கண்டு வியந்தார். மாவையும் கொழுப்பையும் உப்பையும் பேக்கிங் பவுடரையும் சமையற்காரர் முன்கூட்டியே கலந்து வைத்திருந்தார். அந்த யுக்தியே மறு ஆண்டில் ‘பிஸ்குவிக்’ என்ற பெயருடன் கடைக்கு வந்தது. அந்தச் சமையற்காரர் செய்ததைத்தான் எமது அன்னையாரும் செய்துகொண்டிருந்தார் என்பது அன்று எமக்குத் தோன்றவில்லை.

நிற்க. 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் நாடு பட்ட பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் தெருவில் காத்து நின்றனர். முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையினால் வயல்களில் விளைச்சல் குன்றி, அரிசியும் மலிவாக இருக்கவில்லை. எனினும் சொந்த வயலின் நெல் வீட்டில் இருந்தது. அந்த வேளையிலேதான் எமது மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. “அப்பா, கேக் வேணாம்” என்று அவள் தானாகவே சொன்னாள். கேட்டிருந்தாலும் அவ்வளவு துன்பம் இராது. வேண்டாமென்று அவள் சொன்னதே நெஞ்சைச் சுட்டது.

கற்ற இரசாயனம் எதற்கு என்ற வீறாப்புடன் அடுக்களையுள் புகுந்தோம். கோதுமை மா கூறப்பட்ட இடத்தில் அரிசிமாவை அதே அளவில் இட்டு, விறகடுப்பில் வேகவைத்தோம். விளைந்தது கேக்கன்று, மணற்குவியல். கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்; இல்லாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் அமர்ந்திருந்த அன்னையார் எழுந்து வந்து ஒரு துண்டை வாயிலிட்டுப் பார்த்தார். “இதுக்குப் பிடிப்பில்ல மனே. உளுந்து போடல்லியே?” என்றார். பின்பு தட்டின்மேலிருந்த பேணியை இறக்கச் சொன்னார்.

அவர் சொன்ன அந்தப் ‘பிடிப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் வகுப்பில் நடத்தும் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. நீர்பட்டுப் பிசையும்போது அது வலைபோலாகிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியில் அது இல்லை. உளுந்தின் வழவழப்பே அந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றது. காற்றை எழுப்புவதற்கோ அப்பச்சோடாவும் புளிப்பும் கூடினாற் போதும். 1843 ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து மருந்தாளர் அல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரைக் கண்டது இந்த வழியிலேதான். எமக்குப் புளிப்புத் தேடிக் கடைக்குப் போகவேண்டியதில்லை. மட்டக்களப்பின் எருமைத் தயிர் சட்டியில் இருக்கின்றது.

அன்னையாரின் மாவை வாசகர்களும் செய்து பார்க்கலாம். சிவப்புப் பச்சையரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, இடித்தோ ஆலையில் அரைத்தோ அரித்தெடுக்க வேண்டும். கப்பியை மீண்டும் இடிக்கலாம். தாச்சியில் இளந்தீயில் இட்டு அகப்பையால் ஓயாது கிளறி வறுக்க வேண்டும். விரல்களால் அள்ளிக் கோலம் இழுத்தால் கோடு அறாமல் விழவேண்டும், அதுவே பதம். ஈரம் நீங்குவதால் மா நெடுநாள் கெடாது. இந்த மா நான்கு சுண்டுக்கு, இலேசாக வறுத்து அரைத்த தோலில்லா உளுத்தம்மா ஒரு சுண்டு, குரக்கன்மா ஒரு சுண்டு, உப்பு ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்டுக் கலந்து, ஈரமற்ற பேணியில் அடைக்க வேண்டும். இடியப்பத்துக்கு மட்டும் உளுந்து சேராத அரிசிமாவே ஏற்றது.

கேக்குக்கு இந்த மா இரண்டு சுண்டு எடுத்து, ஒரு சுண்டு தயிரும் அரைச் சுண்டு தேங்காய்ப்பாலும் விட்டு அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு சீவிய பனங்கட்டி ஒரு சுண்டு, முட்டை இரண்டு, தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. அப்பச்சோடா முக்கால் தேக்கரண்டி. அதைக் கடைசியாகவே சேர்க்க வேண்டும், சேர்த்தபின் தாமதிக்கலாகாது. கூடினால் சவர்க்காரச் சுவை தட்டும். போறணை இல்லையே என்று கவலை வேண்டாம். பெரிய தாச்சியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டத்தை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் இடுக. முக்கால் மணி நேரமளவில் ஈர்க்கினாற் குத்திப் பார்த்தால், மா ஒட்டாது வரும்.

அன்று மாலை கேக் வந்தது. கடைக் கேக்கைப்போல் பஞ்சாக இல்லை. செம்மண் நிறத்தில் சற்றுக் கனமாக இருந்தது. ஆயினும் உதிரவில்லை. ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

வெறும் பேணியைத் துடைத்துக்கொண்டே அன்னையார் மெல்லச் சொன்னார்: “தொண்ணூறாம் ஆண்டு தோணியில அக்கரைக்குப் போகக்குள்ள, இந்தப் பேணியத்தான் நான் மடியில வச்சிருந்தன். மூணு நாள் உங்களுக்கு இதான் சாப்பாடு.”

எமக்கு அப்போது வயது பத்து. இருளும், துடுப்பின் ஓசையும், யாரோ அழுததும் நினைவிருந்தன. சுடுநீரில் குழைத்துத் தந்த மாவுருண்டையும் நினைவிருந்தது. அந்த இரவில் நகைப்பெட்டியை விட்டு மாப்பேணியைத் தூக்கிவந்த கையை மட்டும் நாம் நினைத்துப் பார்த்ததேயில்லை.

அந்தக் கை இப்போது நடுங்குகின்றது. உலக்கை பிடித்து நெடுநாளாயிற்று. மேலே நாம் எழுதிய அளவுகள் அவர் சொன்னவையல்ல. அவருக்கு எல்லாம் பிடியளவும் கண்ணளவுமே. அவர் பிடிபிடியாக அள்ளிப் போட, ஒவ்வொரு பிடியையும் மகள் சுண்டிலே கொட்டி அளந்து தன் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எண்ணிக்கை தவறிய இடத்தில் மீண்டும் அள்ளச் சொன்னாள். பாட்டியாரும் சலிக்காமல் அள்ளினார்.

கோதுமை மா மீண்டும் கடைகளில் கிடைக்கின்றது. நாமும் பாண் உண்கின்றோம். அதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. உங்கள் வீட்டிலும் இத்தகைய பேணி ஒன்று இருக்கக்கூடும். அதை நிரப்பும் கையும் இருக்குமாயின், இன்றே ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதன் அருகே அமருங்கள். மா தீர்ந்தால் மறுபடி இடித்துக்கொள்ளலாம்.