லாரிப் பலகையில் ஒரு நூலடுக்கு

நெடுநல்வாடை நடத்தும் ஆசிரியர் எவரும் பாண்டிமாதேவியின் கட்டிலைக் கடந்துதான் பாடத்தை முடித்தாக வேண்டும். நாற்பது அகவை எய்திப் போரில் பட்ட யானையின் தந்தத்தைச் செதுக்கிச் செய்த கட்டில் அது. நக்கீரர் அதை விவரிக்கும் நிதானம், அவர் அருகிருந்து அளந்து பார்த்தாரோ என்று ஐயுற வைக்கும். வாடகை வீடுகளில் பாயில் படுத்துக்கொண்டே அந்தக் கட்டிலைப் பல ஆண்டுகள் நான் நடத்தியிருக்கிறேன்.

2022 தையில் புதுச்சத்திரத்திற்கு அருகே சொந்த வீட்டில் பால் காய்ச்சினோம். தனியார் கல்லூரி விரிவுரையாளனுக்கு வங்கி தரும் கடன், சுவர் எழும்புவதற்கே சரியாக இருந்தது. என் மனைவியின் வளையல்கள் அடகுக்கடையில் இருந்தன. வீட்டை அலங்கரிக்க மிஞ்சியது 22,000 ரூபாய்.

சுவருக்கு டிஸ்டெம்பர் வேண்டாமென்று முடிவு செய்து சுண்ணாம்பை நீற்றினோம். சிறிது நீலமும் கஞ்சியும் கலந்து நானும் மனைவியும் இரண்டு நாட்களில் அடித்து முடித்தோம். (வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றார் கொத்தனார். முதல் மாதம் ஒட்டத்தான் செய்தது.) திரைச்சீலைக்குப் பள்ளிபாளையத்து விசைத்தறித் துண்டுத்துணியை எடைக்கு வாங்கித் தைத்துக்கொண்டோம். சமையலறை மாடத்துக்குச் சேலத்து மாக்கல் சட்டி ஒன்று வந்தது. சில நாள் வடிகஞ்சியில் பழக்காமல் அடுப்பேற்றினால் விரிசல் விடும் என்பதால் அதுவரை அதுவும் ஓர் அலங்காரப் பொருளே.

நாற்காலிக்கு மாற்றாகப் பவானி ஜமக்காளம். குமாரபாளையத்தில் பேருந்தை விட்டிறங்கி, காவிரிப் பாலத்தை நடந்து கடந்து போய் வாங்கினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத் துணியின் போட்டியால் பிழைப்பு நலிந்த ஜங்கமர் என்னும் நெசவாளர்கள், முரட்டு நூலில் வண்ணப் பட்டைகளிட்டு நெய்யத் தொடங்கியது அது. சோபா வாங்கவில்லையே என்ற குறை, அதை விரித்து அமர்ந்த அன்றே எனக்குத் தீர்ந்துவிட்டது. மனைவிக்குத் தீரவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்து விடுகிறேன்.

எஞ்சியது நூலடுக்கு. தேக்கின் விலை கேட்டுத் திரும்பிய என்னிடம், பழைய லாரிப் பலகையில் செய்து தருகிறேன் என்றார் தச்சர். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. பிரித்துப் போட்ட பழைய பலகைகள் எடைக்குக் கிடைக்கும். வெயிலும் மழையும் தின்று தீர்த்தது போக நிற்கும் மரம். கூலியோடு 4,500 ரூபாய். ஒரு பலகையில் மட்டும் மஞ்சள் தாமரை ஒன்றும், பாதி அழிந்த எழுத்துகளும் இருந்தன. அதை முதுகுப் பலகையாக்கி, வண்ணம் பூசிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னேன். கல்லூரி நண்பர்கள் வந்துபோகும் கூடம் அல்லவா.

என் தந்தை முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நாகபுரி, இந்தூர், கல்கத்தா என்று போய், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்குவார். மற்ற நாட்களில் அவருக்கு வீடு என்பது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகை. கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். அவர் கையொப்பமிட்டார். படித்துப் பார்த்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

சித்திரையில் அவர் ஊரிலிருந்து வந்தார். கட்டிலைக் காட்டினேன், ஜமக்காளமே போதும் என்றார். பிறகு நூலடுக்கின்முன் நெடுநேரம் நின்றார். நூல்களைப் பார்க்கிறார் என்று எண்ணினேன். விரலால் ஒரு பள்ளத்தைத் தடவினார்.

"இது கயித்துத் தடம். லோடு கட்டி இழுத்து இழுத்து உழுந்தது."

பின்பு சுவருக்கும் அடுக்குக்கும் இடையே கையை விட்டுத் துழாவினார். வண்ணத்தின் தடிப்பு விரலில் பட்டிருக்க வேண்டும்.

"பெயிண்ட் அடிச்ச பக்கத்த எதுக்குக் கண்ணு செவுத்துக்குத் திருப்பிப்புட்ட?"

தூசு படியும் என்று ஏதோ சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றிரவு நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஏழாம் எண்ணாக இருந்து நாற்பத்து நான்கான அதே சாலை. அவர் கூடத்தில் உறங்கினார். எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறன்று உ.வே.சா. பதிப்புப் பத்துப்பாட்டு உட்பட அத்தனை நூல்களையும் ஜமக்காளத்தில் இறக்கி, தச்சரை அழைத்து, முதுகுப் பலகையைத் திருப்பி அறையச் செய்தேன். தாமரை தெரிய வேண்டுமென்று இப்போது நடுத்தட்டில் நூல் அடுக்குவதில்லை. 'இடம் வீணாகிறதே' என்று உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டார். என் அப்பா லாரி ஓட்டுநர் என்று பதில் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லாமல் அவர் சற்றே விழித்தார்.

தாமரையின் இதழ் மடிப்பைப் பார்த்து, இது திருச்செங்கோட்டுப் பட்டறைக் கை என்கிறார் அப்பா. நாமக்கல்லேதான் என்று சாதிக்கிறார் தச்சர். வழக்கு இன்னும் முடியவில்லை.