புராஜெக்ட் என்றால் கடையில் வாங்குவதா?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தெர்மகோலில் செய்த எரிமலை. "டீச்சர், மகளுக்கு ஒன்பதாவதுல சயின்ஸ் புராஜெக்ட் சொல்லிருக்காக. கடையிலேயே செஞ்சு விக்கிறாக. இது போதுமா, வேற வாங்கவா?" என்று கேட்டிருந்தாள். இதே கேள்வியை இந்த வருடம் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எரிமலை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் கரையில் எரிமலை கிடையாது. உப்புத் தண்ணீர் இருக்கிறது. சீமைக்கருவேல் இருக்கிறது. தூர்ந்துபோன கண்மாய் இருக்கிறது. கரை ஒதுங்கும் கிழிந்த வலை இருக்கிறது. பிள்ளை தினமும் மிதித்துப் போகிற இந்த மண்ணிலேயே கேள்வி இருக்கும்போது அதைக் கடையில் ஏன் வாங்க வேண்டும்?

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் கலந்துகொண்டும் இருக்கிறீர்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் 1993-ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதைப் பள்ளிகளுக்குள் கொண்டு வந்தது. 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். அங்கே மாடலுக்கு மதிப்பெண் இல்லை. பிள்ளை எங்கே போனது, யாரிடம் கேட்டது, எதை அளந்தது, நோட்டில் என்ன எழுதியது என்பதுதான் கணக்கு.

2014, 2015 இரண்டு வருடங்களுக்கும் வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வது என்பது தலைப்பு. அப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்த என் பழைய மாணவிகள் சிலர் மாலையில் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள், "டீச்சர், எங்க தெரு கெணறு கடலுக்குத் தள்ளி இருக்கு, உப்பா இருக்கு. அப்பத்தா வீட்டு ஊத்து கடலுக்குப் பக்கத்துல இருக்கு, நல்ல தண்ணியா இருக்கு. ஏன்?"

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். நிலத்தடி நீரைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. அதனால் பதில் சொல்லவில்லை. "எத்தனை கிணறு உப்பு, எத்தனை கிணறு நல்ல தண்ணீர், முதலில் அதை எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கிணறும் தெரிந்துவிடும், வீடும் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு கிணறு, ஊற்று எடுத்துக்கொண்டார்கள். கருவி எதுவும் கிடையாது. வீட்டுப் பெண்களிடம் கேட்டார்கள். எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு சோப்பைக் கரைத்து, ஒரே அளவு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ணினார்கள். கடினத் தண்ணீரைக் கண்டுபிடிக்க முன்பு ஆய்வுக்கூடங்களிலேயே இருந்த முறைதான் இது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க, முடிச்சுப் போட்ட கயிறு. கிணற்று விளிம்புகள் ஒரே உயரத்தில் இல்லையே என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன், மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து, பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். நம் பழைய மாணவன் ஒருவன் அப்போது தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தான். தன் டிடிஎஸ் பேனாவை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து தந்தான். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதில் பாயும், அதை வைத்துத்தான் அந்தப் பேனா எண் காட்டுகிறது என்பதையும் அவனே சொன்னான். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். கடல் தண்ணீரில் சுமார் 35,000 இருக்கும்.

அளந்து முடித்துப் படம் போட்டுப் பார்த்தபோது, கடலுக்குப் பக்கம், தூரம் என்ற கணக்கு பொருந்தவே இல்லை. உப்பாக இருந்தவை ஆழமாகத் தோண்டி மோட்டார் வைத்த கிணறுகள். மணல் மேட்டை ஒட்டிக் கையால் தோண்டிய ஊற்றுகள் நல்ல தண்ணீராக இருந்தன. அந்த அப்பத்தா பிள்ளைகளிடம் சொன்னாராம்: "சிரட்டையால மெல்ல மொண்டா நல்ல தண்ணி. ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டுனா கடல் வந்துரும்."

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் ஒரு லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிராம். அந்தச் சின்ன எடை வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். வடகடல் தீவுக் கிணறுகளை வைத்து ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901-ல் இதை எழுதினார். இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி மேலே ஏறலாம். மோட்டார் வேகமாக இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பி வரும்.

இனிமேல்தான் சிக்கல். பட்டியலில் ஏழாம் கிணறு எல்லாவற்றையும் விட உப்பு. பக்கத்து வீட்டு ஊற்றுகளும் அதோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தன. அது குழுவில் இருந்த ஒரு பிள்ளையின் சொந்த வீட்டுக் கிணறு. தொட்டியில் நிரப்பித் தண்ணீர் விற்கும் வீடு. அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். "டீச்சர், எங்க கெணத்த மட்டும் விட்டுருங்க. ஊருல வேற பேச்சாயிரும்" என்றார். அந்தக் கிணறுதான் அவள் படிப்புக்கும் பணம் தருகிறது. அதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

அவரிடம் நான் வாதாடவில்லை. கிணறுகளுக்கு எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது என்று உறுதி சொன்னேன். அளவை எடுக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லவில்லை. மகளிடம், "எழுதுவதா வேண்டாமா, நீயே முடிவு செய்" என்றேன். அவள் எழுதினாள். அன்று இரவு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் கரண்டி முதுகு வழியாக மஞ்சள் கலந்த நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு, ஒரு ஸ்ட்ராவை அப்பா கையில் கொடுத்திருக்கிறாள். மேலாக வைத்து உறிஞ்சினால் மஞ்சள் தண்ணீர். ஆழமாக இறக்கி உறிஞ்சினால் முதல் வாயே உப்பு. அவர் ஒன்றும் பேசவில்லையாம். சில நாள் கழித்து, ஒரேயடியாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று மாற்றினார்.

மாவட்ட அளவில் சான்றிதழ் கிடைத்தது. மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. அது நியாயம்தான். அப்போது அவர்கள் கையில் மழைக்கு முந்தைய அளவு மட்டும்தான் இருந்தது. நம் மாவட்டத்துக்கு மழையே பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான். போட்டி முடிந்த பிறகுதான் கேள்விக்கே விடை வர ஆரம்பித்தது.

இனி யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பிள்ளைகள் மே மாதம் வரை அளந்தார்கள். மழைக்குப் பின் தை மாதம் எல்லாக் கிணறும் தேறியது. கோடையில் ஏழாம் கிணறு முந்தைய அளவுக்கு உப்பு ஏறவில்லை, ஆனால் குடிக்கும்படியும் ஆகவில்லை. மோட்டாரைக் குறைத்ததாலா, மழையாலா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள்: "ஒரு வருட அளவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது." என் பணிக்காலத்தில் பிள்ளைகள் எழுதி நான் படித்த வரிகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் ஐயாவுக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயரை எல்லோருக்கும் தெரியும். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். கலாம் ஐயா அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடற்கரை இன்றும் அங்கேயே இருக்கிறது. கூட்டிப்போக ஆள்தான் வேண்டும்.

ஆகவே என் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் நர்ஸ் இருக்கிறீர்கள், கொத்தனார் இருக்கிறீர்கள், படகு எஞ்சின் மெக்கானிக் இருக்கிறீர்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கிறீர்கள், சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் போதும். நீங்கள் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் வரலாம்.

வருகிறவர்கள் சிலவற்றை மட்டும் மனதில் வையுங்கள். கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும், அதுவும் ஒரு தெருவுக்குள் அடங்கட்டும். "உலக வெப்பமயமாதல்" வேண்டாம். "மணலில் காய்ந்த கருவாடு சீக்கிரம் கெடுமா, வலை மேல் காய்ந்தது சீக்கிரம் கெடுமா" போதும். விடை தெரிந்தாலும் சொல்லாதீர்கள், எப்படி அளப்பாய் என்று கேளுங்கள். நோட்டைப் பிள்ளைதான் எழுத வேண்டும், தப்பாகப் போனதை அழிக்காமல் கோடு போட்டு அடிக்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கும் கடலுக்கும் பெரியவர் இல்லாமல் அனுப்பக் கூடாது. கண்டுபிடித்ததை நடுவரிடம் சொல்வதற்கு முன் அந்தத் தெருவில் சொல்லுங்கள். யாருடைய பிழைப்பாவது அதில் மாட்டியிருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதே பன்னிரண்டு இடங்களை மறுபடி அளக்க இப்போது ஒன்பதாவது படிக்கும் சில பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். புரட்டாசிக்குள் முதல் அளவு எடுத்துவிட வேண்டும், பிறகு தையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. ஒரு டிடிஎஸ் பேனாவும், கயிறு பிடிக்க இரண்டு பெரியவர்களும் தேவை. வர முடிகிறவர்கள் கமெண்டில் உங்கள் ஊரையும், எந்த ஞாயிறு வர முடியும் என்பதையும் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்