எதிரே வருபவரின் விளக்கு

காரின் முகப்பு விளக்கு ஒன்று போய்விட்டால், அந்தச் செய்தி கடைசியாக வந்து சேர்வது ஓட்டுகிறவரிடம்தான். நகரச் சாலையில் தெருவிளக்கும் கடைவிளக்கும் சேர்ந்து இருட்டே இல்லாமல் செய்துவிடுகின்றன. நம் வெளிச்சத்தில் பாதி குறைந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்தபடி ஒருவர் சொல்வார்: "சார், ரைட் சைடு லைட் எரியல." சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் தலையை நீட்டிச் சொல்வார். யாரும் சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே ஓடும்.

இப்படிச் சொல்வதற்கென்றே நம் சாலைகளில் ஒரு சைகை இருந்தது. பகலில் விளக்கை அணைக்க மறந்து பைக்கில் போகிறவரைப் பார்த்து, எதிரே வருகிறவர்கள் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். யார் என்று தெரியாது, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. இருந்தாலும் பாட்டரி இறங்கிவிடுமே என்று ஒரு கரிசனம். 2017 ஏப்ரல் 1 முதல், புதிதாக வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் விளக்கும் எரிய வேண்டும் என்று விதி வந்தது. அணைக்கச் சுவிட்சே கிடையாது. கொஞ்ச காலம் பழக்கத்தில் விரல்கள் விரிந்துகொண்டிருந்தன. இப்போது அந்தச் சைகை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பட்டப்பகலில் எரியும் அந்த விளக்கால் பைக் ஓட்டுகிறவருக்கு வழி தெரியப்போவதில்லை. மற்றவர்கள் கண்ணில் அவர் பட வேண்டும், அதற்காக எரிகிறது.

எங்கள் பழைய காரில் போனது வலது விளக்கின் டிம். பிரைட் போட்டால் இரண்டு பக்கமும் எரியும். டிம்முக்கு மாற்றினால் வலது பக்கம் இருட்டு. நம் நாட்டில் இது இடது விளக்கு போவதைவிட மோசம். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். எதிரே வருகிறவருக்கு அருகில் இருப்பது நம்முடைய வலது பக்கம். அந்தப் பக்கம் அணைந்து இடது மட்டும் எரிந்தால், ஓரமாக ஏதோ பைக் வருகிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். காலி என்று அவர் நம்பும் இடத்தில் நம் காரின் உடம்பு முழுவதும் இருக்கும்.

எங்களுக்கு இதைச் சொன்னவர் எதிர்வீட்டு அண்ணன். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி – மதுரை ராத்திரி வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டியவர். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் விட வேண்டும் என்றதும் சிரித்தார். "பல்பு மாத்துறதுக்கா? வாங்கிட்டு மட்டும் வாங்க தம்பி, நான் பக்கத்துல நிக்கிறேன். கை வைக்க மாட்டேன். நீங்களே மாட்டுனாத்தான் அது என்னன்னு தெரியும்."

விளக்குக் கண்ணாடியின் ஓரத்திலும் காரோடு வந்த புத்தகத்திலும் பல்பின் இனம் அச்சடித்திருக்கும். எங்களுடையது எச்4: 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கடைக்காரர் பெட்டியை எடுப்பதற்கு முன்பே கேட்டார்: "சாதா போதுமா? 100/90 இருக்கு சார், சும்மா பளிச்னு இருக்கும்." அண்ணன் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். 55 வாட் இழை நாலரை ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். 90 வாட் இழைக்கு ஏழரை வேண்டும். அந்தச் சுமைக்குப் போடப்பட்ட வயர் அல்ல அது. முதலில் பல்பின் சாக்கெட் பழுப்பேறும், பிறகு இளகும், சுவிட்சும் சூடாகும். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் கிட்டத்தட்ட அதே மணி நேரம் எரிந்து களைத்திருக்கும் என்பதால், சாதா பல்பிலேயே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன்.

வேலை பெரிதல்ல. எஞ்சினை அணைத்து, விளக்கு சூடு ஆறும்வரை காத்திருந்து, பானெட்டைத் திறக்க வேண்டும். விளக்கின் முதுகில் மூன்று பின் சாக்கெட் செருகியிருக்கும். வருஷக்கணக்கான சூட்டில் அது பல்போடு ஒட்டிப்போயிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் சாக்கெட்டின் உடம்பைப் பிடித்து, இப்படியும் அப்படியும் லேசாக அசைத்து நேராக உருவ வேண்டும். அதற்குப் பிறகு தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் மூடியிருக்கும் ரப்பர் கவர். அதையும் கழற்றினால் பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப். பாட்டரி அடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் கையை நுழைத்தால் கண்ணால் பார்க்க முடியாது. கிளிப் எந்தப் பக்கம் அமுங்கி எந்தப் பக்கம் விலகும் என்பதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். "கண்ண மூடிக்கங்க தம்பி, சுலபமா வரும்" என்றார் அண்ணன். வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்தேன். மூடியதும் வந்துவிட்டது.

பழைய பல்பைப் பார்த்தால் டிம் இழை அறுந்து தொங்குவது தெரியும். பிரைட்டைவிட டிம்தான் அதிக நேரம் எரிகிறது, ஆகவே முதலில் போவதும் அதுதான். போகிற தருணத்துக்கும் காரணம் உண்டு. குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழைக்கு மின்தடை மிகக் குறைவு; சுவிட்சைப் போட்டவுடன், எரியும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் ஒரு கணம் பாய்கிறது. தேய்ந்து மெலிந்த இடம் அந்த வேகத்தைத் தாங்காது. பல பல்புகளின் உயிர் சாயங்காலம் விளக்குப் போடும் அந்த நொடியில் போவதற்கு அதுவே காரணம்.

புதுப் பல்பைக் கையில் எடுத்ததும் அண்ணன் குரல் உயர்ந்தது. "கண்ணாடியத் தொட்டுராதீங்க! கை பட்டா கருகிரும்." அவர் அனுபவத்தில் சொன்னதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. ஹாலஜன் பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல், உள்ளே அடைத்த அயோடின் அல்லது புரோமின் வாயுவோடு சேர்ந்து மறுபடி இழைக்கே திரும்புகிறது. இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடிச் சுவரே 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் மேலும் சூடேறி, நாளடைவில் பலவீனப்பட்டு விரிசல் விடலாம். உள்ளே வாயு அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அது உடைந்தால் சாதாரணமாக உடையாது. தகரப் பகுதியைப் பிடித்துப் போட வேண்டும். தவறிப்போய் விரல் பட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

அப்படித் தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சின்னக் கிண்ணம் கண்ணில் பட்டது. டிம் இழைக்கு அடியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உலோகத் தகடு, பாதி மூடிய இமை போல வளைந்திருக்கிறது. பிரைட் இழைக்கு இது இல்லை. டிம் இழையின் ஒளி கீழ்நோக்கிப் போனால் விளக்குக் குடுவையின் அடிப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கும். எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராகப் போகும். தகடு அதைத் தடுத்துவிடுகிறது. குடுவையின் மேல்பாதியில் பட்டுச் சாலையை நோக்கி இறங்கும் ஒளி மட்டுமே வெளியே வருகிறது. நாம் காசு கொடுத்து, பெட்ரோல் எரித்து உண்டாக்கும் டிம் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதியைப் பல்பே தனக்குள் விழுங்கிக்கொள்கிறது, முன்பின் தெரியாத ஒருவரின் கண் கூசக்கூடாது என்பதற்காக.

ஒரே பல்புக்குள் டிம்மையும் பிரைட்டையும் வைக்கும் யோசனை 1920களின் நடுவில் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் செயலுக்கு வந்தது. ஹாலஜனில் அதைச் செய்த எச்4 பல்பு 1971இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் தெருக்களில் ஓடும் ஆயிரக்கணக்கான கார்களிலும் பைக்குகளிலும் அதே எச்4தான். எந்தத் தலைமுறைப் பொறியாளரும் அந்தத் தகட்டை வேண்டாம் என்று எடுத்துவிடவில்லை.

சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, வண்டிக்கு முன்னால் கற்பனையாக ஓர் ஆளை நிறுத்துகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு வலப்புறம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்கள் இருக்கும்படி நிற்பவர் அவர். தாழ்த்திய ஒளி அவருக்குக் கண் கூசாமல் இருக்க வேண்டும். ஏன் வலப்புறம் என்றால், எதிரே வருபவர் வருகிற பக்கம் அது. நம் ஊர் டிம் ஒளியை ஒரு சுவரில் அடித்துப் பார்த்தால், மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாக நிற்கும். இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும். நடந்து போகிறவரும் மைல்கல்லும் பள்ளமும் இருக்கிற பக்கம் இடது. பார்க்க வேண்டிய பக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறது, கூசக்கூடாத பக்கத்தைத் தாழ்த்துகிறது.

அண்ணனுக்கு விதி எண் தெரியாது. அவர் கற்ற பள்ளிக்கூடம் விராலிமலைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவே, நான்குவழி வருவதற்கு முந்தைய ஒற்றைச் சாலை. "எதுக்க லைட்டு தெரிஞ்சாலே நாம மொதல்ல டிம் பண்ணிரணும். அவன் பண்ணுவான், பண்ணாமப் போவான், அது அவன் பாடு. பண்ணலேன்னா ஒரு தரம் பிரைட் அடிச்சுக் காட்டுவோம். அப்பவும் பண்ணலேன்னா எடது ஓரத்தப் பார்த்துக்கிட்டே ஓட்ட வேண்டியதுதான். கோவத்துல நாமளும் பிரைட்டுலயே போனா, ரோட்டுல ரெண்டு குருடன்." அந்தக் காலத்தில் விளக்குக் கண்ணாடியின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும், பெயின்ட் அடிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போலீஸே வண்டிகளை நிறுத்தி ஒட்டிவிட்டதும் உண்டு. தகட்டின் வேலையை வெளியிலிருந்து செய்ய முயன்ற முரட்டு வைத்தியம் அது.

இப்போது அதே பாதையில் நடுத்திட்டு நெடுகிலும் அரளி. பூவுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பது அதன் முக்கியமான வேலை. ஆடு மாடு தின்னாது, வெயில் தாங்கும், அடர்ந்து வளரும். ஆனால் அரளி வந்த பிறகு, பிரைட்டைப் போட்டால் போட்டபடி மதுரைவரை போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி மேலூரிலோ துவரங்குறிச்சியிலோ இருவழிச் சாலைக்குள் நுழையும்போதும் விரல் டிம் சுவிட்சைத் தேடுவதில்லை. செடி செய்துகொண்டிருந்த மரியாதையை நாம் செய்யப் பழகவில்லை.

இதோடு சேர்ந்துகொண்டது எல்இடி மோகம். எச்4 குடுவை, இழை நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிக்கப்பட்டது. தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று செய்த விளக்கு வேறு. ஹாலஜன் குடுவைக்குள் எல்இடி பல்பைத் திணிப்பது வேறு. அந்தப் பல்பில் ஒளிரும் சில்லுகள் இழை இருந்த அதே இடத்தில் பெரும்பாலும் அமைவதில்லை. விளிம்பு கலைகிறது, ஒளி மேலே சிதறுகிறது. ஓட்டுகிறவருக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருப்பதால் காசு வீண்போகவில்லை என்ற திருப்தி. அந்தச் செலவின் மறுபாதியை எதிரே வருகிறவரின் கண் கட்டுகிறது.

பல்பைப் பொருத்துவது கழற்றுவதைவிட எளிது. அதன் வளையத்தில் மூன்று காதுகள். ஒன்று மற்றவற்றைவிட அகலம். சரியான நிலையில் மட்டுமே உட்காரும், தகடு எப்போதும் அடியில்தான் வரும். கிளிப், ரப்பர் கவர், சாக்கெட். அடுத்த பக்கத்துக்கும் அதே வரிசை. இருட்டியதும் காரைச் சமதரையில் காம்பவுண்டுச் சுவருக்கு எதிரே நிறுத்தி இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். ஏறி இறங்கியிருந்தால் விளக்கின் பின்னால் உள்ள திருகால் சரிசெய்யலாம்.

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, ஸ்டியரிங் பக்கத்தில் எண்கள் போட்ட ஒரு சிறு சக்கரத்தைக் காட்டினார். விளக்கின் உயரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே தாழ்த்தும் சக்கரம். குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம்; பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பொங்கல் பானையும் அரிசி மூட்டையும். வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும். நாம் டிம்மில் போவதாக நினைப்போம், எதிரே வருகிறவருக்கு அது பிரைட். சக்கரத்தை இரண்டு எண் திருப்பினால் போதும். எங்கள் காரில் அது வாங்கிய நாளிலிருந்து பூஜ்யத்திலேயே நின்றிருந்தது. தெருவில் விசாரித்ததில், மற்ற கார்களிலும் அப்படித்தான்.

புதுக் கார்கள் பலவற்றில் இந்த வேலைக்கு இனி இடமில்லை. எல்இடி விளக்கு மொத்தமாக மூடி வருகிறது. போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். சிலவற்றில் பல்பை எடுக்கவே பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும். வருத்தப்பட அதிகம் இல்லை. அந்த விளக்குகள் நன்றாகவே எரிகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர், விளக்கு என்பது தனக்கு வழி காட்டும் சாமான் என்று மட்டுமே நம்பிக்கொண்டிருப்பார்.

அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பல்பு போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ராத்திரி காரை ஸ்டார்ட் செய்து, கைபிரேக்கைப் போட்டு, டிம்மில் விட்டுவிட்டு இறங்குங்கள். எட்டு மீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு எட்டு. அவ்வளவு தூரம் நடந்து, விளக்கைவிட்டு அரை மீட்டர் விலகி, சட்டம் கற்பனை செய்த அந்த ஆளின் இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். கூசாமல் இருந்தால், உங்கள் விளக்கு ஒழுங்காக இருக்கிறது. கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், நேற்று ராத்திரி எத்தனை பேர் அப்படிச் சுருக்கியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.