கங்குக்கு அடியில் ஒரு தட்டு

கோலகங்சாரில் உபுடியா பள்ளிவாசலைப் பார்க்கத்தான் புறப்பட்டோம். வழியில் ஒரு கம்பத்தில் கேட்ட சுத்தியல் சத்தம் காரை நிறுத்திவிட்டது. வானொலிக்காரியிடம் சத்தம் தப்பாது!

பாராங் அடிக்கும் பட்டறை. பாக்சிக் உலையைக் கிளறிக்கொண்டிருந்தார். கரிக்கு அடியில் காற்று வரும் துளைத்தட்டு போய்விட்டது. மெல்லிய இரும்பு, தணலும் காற்றும் சேர்ந்து அதைச் செதில் செதிலாய்த் தின்றிருந்தன.

ஓரமாய்க் கிடந்த பளபளப்பான சாக்கடை மூடியை எடுத்து நீட்டினேன்.

"ஜாங்ஙான்!"

வேண்டாமாம். அந்தப் பளபளப்பு துத்தநாகப் பூச்சு. 907 டிகிரி செல்சியஸில் துத்தநாகம் கொதித்து ஆவியாகும். உலைச் சூடோ ஆயிரத்தைத் தாண்டும். புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர், நடுக்கம், காய்ச்சல். தமக்கு ஒருமுறை வந்தபோது டெங்கி என்றே நினைத்தாராம்.

கடைசியில் எடுத்தது கனத்த வார்ப்பிரும்புத் தட்டு. "எஃகைவிடச் சீக்கிரம் உருகுமே?" என்றேன், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. சிரித்தார். கடுஞ்சூடு தட்டுக்கு மேலேதான். கீழிருந்து வரும் காற்று அதைக் குளிர வைக்கும். புளோவர் நின்றால்தான் சூடு கீழே இறங்கும். தடிமன் இருந்தால் தாங்கும். சூட்டோடு தண்ணீர் மட்டும் ஊற்றக்கூடாது, விரிசல் விடும்.

நாங்கள் பள்ளிவாசல் போய்ச் சேர மணி ஐந்தாகிவிட்டது.