பதினாலு சென்ட்

பிள்ளைகளே, வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்புகிறவனுக்கு முதலில் நாற்காலி கிடைக்கும். டீக்கடைக்குப் போனால் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து, துண்டால் தட்டிப் போடுவார்கள். கோயிலில் முன்னால் நிற்க இடம் விடுவார்கள். அதை மரியாதை என்று எண்ணி நானும் மகிழ்ந்துதான் இருந்தேன். சேர் போடுவது விருந்தாளிக்கு என்பது விளங்க நாளாயிற்று. ஒரு நாள் காலை, "கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே" என்று என்னை பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் நான் ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

1976-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2012-இல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க் கிராமம். "அங்க என்னப்பா இருக்கு?" என்று மகள் கேட்டாள். தம்பி இருக்கிறான், அப்பா வைத்த புளியமரம் இருக்கிறது என்றேன். கண்மாயைச் சொல்லவில்லை. அது அப்போது இருந்ததாகச் சொல்ல முடியாது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டி, மழை பெய்தாலும் மடைக்குத் தண்ணீர் எட்டாமல் கிடந்தது.

ஊர்க் கதைக்கு முன், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

வேலையில் சேர்ந்து சில வருடங்களில் என்னை வருவாய் ஆய்வாளராகப் போட்டார்கள். ஓடைப் புறம்போக்கை யாரோ மடக்கிவிட்டதாக ஒரு மனு வந்தது. ஆறு மைல் சைக்கிள் மிதித்துப் போனேன். வெயில். சாலையோரப் புளியமர நிழலில் நின்று, கிராமத்து ஆள் ஒருவர் கைநீட்டிக் காட்டியதைப் பார்த்து, 'நேரில் தணிக்கை செய்தேன்' என்று அறிக்கை எழுதிக்கொண்டு திரும்பினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தலை நரைத்தவர். கோபத்திலும் குரல் உயராது. அறிக்கையை வாசித்துவிட்டு, "ஓடையில தண்ணி இருந்துதா?" என்று கேட்டார். "முழங்கால் அளவு ஐயா" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். "செருப்புல சேறு காணமே" என்றார். வேறொரு சொல் இல்லை. தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஓடையில் இறங்கிப் பார்த்தேன். நான் எழுதியிருந்ததில் பாதி தவறு. அந்தத் தவறு ஒரு குடும்பத்தின் பட்டாவைத் தின்றிருக்கும். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அவர் காலைப் பார்த்தது நாற்பது வருடமாக மறக்கவில்லை. கண்டிப்பில் பெரிய கண்டிப்பு, கேள்வியை நம்மிடமே விட்டுவிடுவது.

அவரேதான் ஒரு நாள் உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் காட்டினார். குடவோலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், முப்பத்தைந்துக்குக் குறையாத, எழுபதுக்கு மேற்படாத வயது, கால் வேலி நிலம், ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பரீட்சைக்கு வரும். அவர் விரல் நின்றது வேறோர் இடத்தில். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி அந்த ஓலைக்குள் வர முடியாது. அவன் அண்ணன் தம்பியும், மாமனும், மாமனாரும், அத்தை மகனுங்கூட வர முடியாது. "சொந்தக்காரனையும் சேத்துல்ல கட்டிப்போட்டிருக்கான்" என்று சிரித்தார்.

மற்றபடி அந்தச் சபையைத் தலையில் தூக்கி வைத்து ஆட எனக்கு மனமில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அது சபை. பெண்ணுக்கும் உழுதவனுக்கும் அங்கே ஓலையில்லை. இருந்தாலும் சொந்தக்காரனையும் சேர்த்துக் கட்டிய அந்த வரி, பிறகு என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

2013 ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினேன். 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டம், 2007-ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு அகற்றும் முறை என்று சட்டம் சட்டமாக எடுத்து வைத்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைப் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெயிலில் நின்றார்கள். நான் முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "தாசில்தார் பேசிட்டாரு. டீயக் குடுங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆறிப்போய் யோசித்தால், அந்தக் குரல் சொன்னது நியாயம். ஊரைவிட்டுப் போய் 36 வருடம் சம்பளம் வாங்கியவன், இருந்து காய்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தால் வேறென்ன சொல்வார்கள்?

குரலுக்கு உடையவர் எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடை திறந்து, முறை வைத்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிறவர். கையெழுத்துத் தெரியாது. கண்மாயின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய், "வரத்துக்காலை எனக்குக் காட்டுங்க" என்றேன். 59 வயதில் இரண்டாவது வாத்தியார். இருவரும் கலுங்கில் தொடங்கி, கரை வழியே போய், வரத்துக்கால் ஓடையில் மேல்நோக்கி நடந்தோம். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். இது இன்னார் மடக்கியது, இது இன்னார் மேடாக்கியது, இங்கே முன்பு மாட்டுவண்டி இறங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் பேச்சு நின்றது. ஓடை அங்கே ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. வானத்தைப் பார்த்தார். "இங்கிட்டு ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

அது எங்கள் வயல்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா? 1983 வறட்சியில் ஓடை தூர்ந்து கிடந்தபோது அப்பா வரப்பை நகர்த்தினார். லீவில் வந்திருந்த நான்தான் மறுபக்கம் மண்வெட்டி பிடித்தேன். வருவாய்த்துறையில் ஏழு வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், எது புறம்போக்கு என்று நன்றாகத் தெரிந்தவன். ஓடை செத்துப்போச்சு, சும்மா கிடப்பதுதானே என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்றே தம்பியிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒன்றரை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த நடைக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் மற்றவர்கள் ஆக்கிரமிப்பைப் பற்றியும் பேசவில்லை. அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது, அதைத் தாண்டிய தைரியம் இல்லை. பெரியவர்கள் என்றால் தயங்காதவர்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது தம்பியிடம் சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அண்ணே, நீ பென்சன் வாங்கித் திங்கிறவன். நான் இந்த மண்ணை நம்பித் திங்கிறவன். உனக்கு வாயில வர்ற நியாயம் எனக்கு வயித்துல வரணும்ல" என்றான். இதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. நல்லது செய்யப் புறப்படுகிறவர்கள் பல நேரம் பிறர் தட்டிலிருந்து எடுத்துத்தான் செய்கிறோம்.

2016-இல் அளக்க மனுக் கொடுத்தேன். புலப்பட நகல் கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவும் போட்டேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் வராமல், மேல்முறையீடு செய்த பிறகே வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நான் வேலை பார்த்த அலுவலகங்களும் அப்படித்தான் இருந்தன. சர்வேயர் வந்து கல் ஊன்றியபோது எங்கள் பக்கம் பதினாலு சென்ட் ஓடையில் இருந்தது. கல் ஊன்றிய அன்றிலிருந்து தம்பி என்னோடு பேச்சை நிறுத்தினான்.

பாகப்பிரிவினையில் எனக்கு வந்த நிலத்திலிருந்து பதினாலு சென்ட்டை அவன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பிரிக்காமல் மாடக்குழியில் வைத்தான். நான் செய்தது நியாயமா, சமாதானத்துக்குக் கொடுத்த விலையா என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டும்தான். அவன் பேசாத அந்த இரண்டு வருடமும் அவன் மனைவி குழம்பு அனுப்புவதை நிறுத்தவில்லை. "பெரியப்பாவுக்குக் குடுத்துட்டு வா" என்று சின்னவனிடம் தூக்குவாளியைக் கொடுத்தனுப்புவாள். உறவு அறுந்துபோகாமல் காத்தது அந்தத் தூக்குவாளி. வாய்ப்பேச்சு நின்ற வீட்டில் அடுப்பு பேசும்.

எங்கள் வரப்பு பின்வாங்கிய பிறகு நடந்ததைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். மூன்று பேர் தாமாகவே விட்டார்கள். நான்கு பேர் இழுத்தடித்து விட்டார்கள். ஒருவர் நீதிமன்றம் போனார், வழக்கு இன்னும் நடக்கிறது. 2017-இல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பாசனதாரர் பங்கு பத்து சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றிருந்தது. எங்கள் கண்மாய் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஊரே பங்கு போட்டு வரத்துக்காலை வெட்டியது. டீக்கடைப் பெஞ்சில் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னது அந்த வருடம்தான்.

2016 அக்டோபரோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடையில் மூன்று வருடம் தனி அலுவலர் நிர்வாகம், கேட்பதற்குத் தலைவர் கிடையாது. தேர்தல் முடிந்து வந்தது ஓர் இளம்பெண். முதல் கூட்டங்களில் அவர் கணவர்தான் பேசினார். நானும் மற்றவர்களைப் போல, இதுவும் இப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் ரொக்கப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார். "இதை எப்பிடி வாசிக்கிறதுன்னு சொல்லிக்குடுங்கய்யா. அடுத்த கூட்டத்துல நானே வாசிக்கணும்." பதினோரு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தேன். வரவு, செலவு, எந்த இனத்துக்கு வந்த பணத்தை எதற்குத் தொடக் கூடாது என்று. ஓடை வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன் ஓடையில் இறங்கச் சொன்னேன். செருப்புக் கதையையும் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப, எங்கள மாதிரி வந்தவுகள எத்தன தடவ நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பீங்கய்யா?"

குறை சொல்லும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 36 வருடம். முகங்கள் வந்துகொண்டே இருந்தன. சாதிச் சான்றுக்கு மூன்று முறை வந்த பையன். ஜமாபந்தி வேலை இருக்கிறது என்று முதியோர் உதவித்தொகை மனுவோடு நான் உட்காரவைத்த கிழவி. என்னால் கணக்கு முடிக்க முடியவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணிடம், "நிறைய தடவை அம்மா" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கற்றுக்கொடுக்க உட்கார்ந்தவன் கற்றுக்கொள்ளாமல் எழுந்திருக்க முடியாது போலும்.

அடுத்த கூட்டத்தில் கணக்கை அவரே வாசித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். கணவர் எழுந்தபோது, "உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். டீ கேட்ட நீர்ப்பாய்ச்சி அன்று கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

2021 கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஒரு விடியற்காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் தம்பி, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்கிறான். பேச்சு அதற்கு முன்பே ஒன்றிரண்டு வார்த்தையாகத் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்தது அன்றுதான். "வாண்ணே, மறுகால் போகுது" என்றான். இருட்டில் வரப்பு வழியே போனோம். கலுங்கில் தண்ணீர் விழும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அதைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று இருவரும் கணக்குப் போட்டோம். ஒத்துப்போகவில்லை. அவன் சொல்வதே சரியாக இருக்கும், ஊரில் இருந்தவன் அவன்தானே.

இன்றைக்கும் அந்தப் பதினாலு சென்ட் பேச்சு வந்தால், "அது அப்பா நிலம்" என்பான் தம்பி. நான் மறுத்துப் பேசுவதில்லை. பத்திரம் இன்னும் மாடக்குழியில்தான் இருக்கிறது. "ஒங்க அப்பாவுக்கு முன்ன அது தண்ணியோட நிலம்" என்று அவன் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு, கரையில் மேயும் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.